அப்பாவின் சேட்டக்கில் பழைய இத்தாலிய சைலன்சர் மாட்டலாமா?

கேள்வி: அப்பா 1980களில் வாங்கிய பஜாஜ் சேட்டக் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. வெஸ்பாவுக்காக இத்தாலியில் செய்த பழைய பெர்ஃபார்மன்ஸ் சைலன்சர் ஒன்று தெரிந்தவரிடம் கிடைத்திருக்கிறது. ஊர் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டலாமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மாட்டலாம். அரை நாள் வேலை. ஆனால் பிராக்கெட்டை எங்கே பிடிக்கிறீர்கள், ஜெட்டை (கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளைத் திருகு) மாற்றினீர்களா என்ற இரண்டு விஷயத்தில் கோட்டை விட்டால் சைலன்சரும் போகும், பிஸ்டனும் போகும். இரண்டிலும் நான் கோட்டை விட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குக் கும்பகோணம் பக்கம். வண்டி சித்தப்பா ஓட்டியது, அதே சேட்டக். உங்களுக்கு நான் முதலில் சொல்வது, புதுச் சைலன்சரைத் தொடுவதற்கு முன் பழையதைக் கழற்றிக் கரி எடுங்கள். முப்பது, நாற்பது வருஷம் பெட்ரோலோடு கலந்த 2டி ஆயில் குடித்த பெட்டிக்குள் கரி அப்பிக் கிடக்கும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் விறகு அடுக்கி அதன்மேல் சைலன்சரைப் போட்டுச் சிவக்கச் சுட்டு, ஆறியதும் தட்டித் தட்டிக் கொட்டுவார்கள். எங்கள் வண்டியில் கொட்டியது ஒரு பழைய ஆர்லிக்ஸ் பாட்டில் நிறைய வந்தது. கரி எடுத்த பிறகே வண்டி வேறு வண்டி மாதிரி இழுத்தது. அது போதும் என்று தோன்றினால் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

போதாது என்றால், கையில் கிடைத்திருப்பது எந்த வகை என்று பாருங்கள். வெஸ்பாவுக்கு வந்த பழைய சைலன்சர்களில் ஒரு வகை, பார்க்கக் கம்பெனிப் பெட்டி மாதிரியே இருக்கும், உள்ளே மட்டும் புகைக்கு வழி தாராளம். சிட்டோ பிளஸ் அந்தச் சாதி. இன்னொரு வகை நடுவில் வயிறு பெருத்த கூம்புக் குழாய், எக்ஸ்பான்ஷன் சேம்பர். சிமோனினி போன்ற பெயர்கள் இதில் வரும்.

இந்தக் கூம்பு எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் ஊர்க்காரனுக்குப் புரியவைப்பது சுலபம். ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது, நாயனம் கடைகிற ஊர். நீளமான பாரி நாயனத்துக்குச் சுருதி தாழும், குட்டையான திமிரிக்குச் சுருதி ஏறும். சைலன்சரும் அப்படித்தான். சிலிண்டரில் புகை வெளியேறுகிற வாயான போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. விரிகிற கூம்பில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்த புகையை இழுத்து வெளியேற்றுகிறது. பின்னால் குறுகுகிற கூம்பில் மோதித் திரும்பும் அலை, சிலிண்டரைத் தாண்டி வெளியே தப்பிய புதுப் பெட்ரோல் கலவையைப் போர்ட் மூடுவதற்குள் மறுபடி உள்ளே தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் வால்டர் காடன் இதைப் பந்தய வண்டிகளில் பழக்கிக் காட்டினார். அவருடைய ரேசர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்குப் பக்கம் தப்பி வந்து சுசுகியில் சேர்ந்தார், மறு வருஷமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குப் போனது. விஷயம் எந்த வழியாகப் போயிருக்கும் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

அலை திரும்பி வர எடுக்கும் நேரமும் போர்ட் திறந்திருக்கும் நேரமும் ஒத்துப்போனால்தான் பலன். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதில் (360 டிகிரி) போர்ட் 160 டிகிரி திறந்திருக்கிறது, சூடான புகைக்குள் அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 518 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6000 ஆர்பிஎம்மில் வேலை செய்ய போர்ட்டிலிருந்து பின்கூம்பு வரை ஏறக்குறைய 115 செ.மீ. தேவை. 8000 ஆர்பிஎம்முக்கு 86 செ.மீ. போதும். சேட்டக் எஞ்சின் 57 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 57 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 145 சிசி, நிதானமாகச் சுற்றுவதற்குப் பிறந்தது. இதில் பந்தய எஞ்சினுக்குச் செய்த குட்டைக் குழாயை மாட்டினால் திமிரியை வைத்துக்கொண்டு பாரி சுருதிக்கு வாசிக்கிற கதைதான். கீழ் ஆர்பிஎம்மில் இருந்த இழுவையும் போய், மாட்டு வண்டிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் திணறுவீர்கள். உங்களிடம் இருப்பது சிட்டோ பிளஸ் வகை என்றால் யோசிக்காமல் மாட்டுங்கள். கூம்பு என்றால் முதலில் டேப்பை எடுத்து நீளம் பாருங்கள்.

இனி மாட்டுகிற வேலை.

பழைய கிளாம்ப் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். துரு இளக்குகிற ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். சுத்தியலால் போடாதீர்கள். சைலன்சர் ஏறுகிற அந்த ஸ்டப் வார்ப்பிரும்பு சிலிண்டரோடு சேர்ந்தே வார்த்தது. விரிசல் விட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஸ்டப்பை எமரித் தாளால் தேய்த்து, வெர்னியரில் அதன் விட்டத்தையும் புதுக் குழாயின் வாயையும் அளந்து பாருங்கள். வெஸ்பாவுக்குச் செய்தது சேட்டக்குக்கு அப்படியே ஏறும் என்று நம்ப வேண்டாம். லூசாக இருந்தால் இடைவெளியை அடைக்க லேத்தில் ஒரு புஷ் வளையம் கடைந்து போடுங்கள், தகரத்தைச் சுற்றி கிளாம்பை இறுக்குவது ஒரு வாரம்கூடத் தாங்காது. அந்த மூட்டில் கசிவு இருந்தால் மேலே சொன்ன அலை விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும், காலடியில் எண்ணெய்க் கரியும் வழியும். சூடு தாங்குகிற சைலன்சர் பேஸ்ட் கொஞ்சம் தடவினால் போதும்.

நான் சறுக்கியது அடுத்த கட்டத்தில். என் குழாயின் பிராக்கெட் எஞ்சின் துளைக்கு நேராக வரவில்லை, ஒரு விரல்கடை தள்ளி நின்றது. கொண்டுபோன பட்டறையில், “ஆடாம இருக்கணும்ல?” என்று வண்டியின் பாடியிலிருந்து ஒரு பட்டை இறக்கிக் குழாயோடு வெல்டிங் வைத்துவிட்டார்கள். பார்க்க அவ்வளவு உறுதி. நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். திருப்பனந்தாள் தாண்டி அணைக்கரை போகிற வழியில், நாலாவதோ ஐந்தாவதோ வேகத்தடையில் ‘டப்’ என்றது. பிறகு வண்டி டிராக்டர் மாதிரி கத்தியது. குழாயின் கழுத்தில் வெல்டிங் ஓரமாக முக்கால் வட்டம் கிழிந்திருந்தது.

மறுநாள் வேறொரு பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். லாம்பி, விஜய் சூப்பர் காலத்திலிருந்து ஸ்கூட்டர் மட்டுமே பார்க்கிறவர். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பட்டையை வெட்டிப் போட்டுவிட்டு, சாக்பீஸ் எடுத்துக் குழாயில் ஒரு கோடு, அதற்கு நேராகப் பாடியில் ஒரு கோடு இழுத்தார்.

“ஸ்டாண்ட எடுத்துட்டு சீட்ல உக்காருங்க தம்பி. உங்க கூட்டாளிய பின்னாடி ஏறச் சொல்லுங்க.”

உட்கார்ந்தோம். பாடிக் கோடு கீழே இறங்கியது, குழாய்க் கோடு நின்ற இடத்தில் நின்றது. நடுவே நாலு விரல் இடைவெளி.

“பாத்தீங்களா? எஞ்சினும் சக்கரமும் ஒரே துண்டு, முன்னாடி போல்ட்டுல தொட்டில் மாதிரி ஆடும். பாடி தனி. ரெண்டையும் சேத்துக் கட்டுனா கிழியாம என்ன பண்ணும்?”

வெஸ்பா வழி வந்த சேட்டக்கானாலும், எல்எம்எல்லானாலும், லாம்பரெட்டா வழி வந்த லாம்பி, விஜய் சூப்பரானாலும் இது பொது. சைலன்சரின் இரண்டு பிடியும் எஞ்சினிலேயே இருக்க வேண்டும். பிராக்கெட் துளை தள்ளியிருந்தால் குழாயை நெம்பி இழுத்துப் போல்ட் போடக் கூடாது, அந்த விறைப்பே நாளைக்கு விரிசலாகும். பிராக்கெட்டை வெட்டி, குழாய் இயல்பாக நிற்கிற இடத்தில் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளிக்கு வாஷர் போதும். எல்லாப் போல்ட்டையும் முதலில் கைமுறுக்கில் விட்டு, வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கி, பிறகு முதலில் கிளாம்ப், அடுத்து எஞ்சின் போல்ட் என்று முறுக்குங்கள். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறுக்கு.

முறுக்கிய பிறகு சுற்றிலும் விரல் விட்டுப் பாருங்கள். டயருக்கும் குழாய்க்கும் இடையே ஒரு விரலாவது போக வேண்டும். பின் பிரேக் கேபிள் குழாயைத் தொட்டால் அதன் உறை உருகும், பிரேக் இறுகும். ஸ்டாண்டை மடக்கும்போது இடிக்கிறதா என்றும் பாருங்கள். இடது பக்கம் ஏறிவரும் கூம்பென்றால் பஞ்சர் நாளில் சக்கரத்தைக் கழற்றக் குழாயையும் கழற்ற வேண்டியிருக்கும், அதற்கான ஸ்பேனர் வண்டியிலேயே இருக்கட்டும்.

லாம்பி, விஜய் சூப்பர்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு ஸ்டப் கிடையாது, சிலிண்டரில் ஸ்டட் போட்டு ஃபிளாஞ்ச் உட்காரும். ஒவ்வொரு தடவையும் புதுப் பேக்கிங் போடுங்கள். இங்கிலாந்துப் பையன்கள் லாம்பரெட்டாவில் மாட்டிய கிளப்மேன் வகை நீளக் குழாய் உங்கள் வண்டிக்குத்தான் அழகு. பொறாமையோடுதான் சொல்கிறேன்.

அடுத்தது ஜெட். புகைக்கு வழி தாராளமானால் எஞ்சின் காற்றை அதிகம் இழுக்கும். பழைய மெயின் ஜெட்டே இருந்தால் பெட்ரோல் பற்றாது, அதோடு கலந்து வருகிற ஆயிலும் குறையும், சூடு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது பாபநாசம் பக்கம், எதிர்காற்றில். சத்தம் திடீரென்று மங்கி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு வெள்ளை.

அதனால் ஒன்றிரண்டு அளவு பெரிய ஜெட்டில் ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள், சின்னதில் தொடங்கி ஏறாதீர்கள். சோதனைக்கு நம் ஊர் மாதிரி தட்டையான தரை வேறெங்கே கிடைக்கும்? விடியற்காலையில் ஆளில்லாத நேர்ச்சாலையில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, உருண்டு நின்றதும் பிளக்கைப் பாருங்கள். நல்ல டிகாக்‌ஷன் நிறம் என்றால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் ஜெட் பெரிது. வெளுத்திருந்தால் வீட்டுக்கு மெதுவாகவே ஓட்டி வாருங்கள்.

டெல்டாவுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டு, வைக்கோலையும் உளுந்துச் செடியையும் பரப்பிவைப்பார்கள். கம்பெனிப் பெட்டியில் அவ்வளவாக ஒட்டாத வைக்கோல், தாழ்ந்து தொங்கும் கூம்பில் சுற்றிக்கொள்ளும். குழாயோ கொதிக்கும், மேலே பெட்ரோல் டேங்க். தை, மாசியில் அந்த மாதிரி ரோட்டைக் கடந்ததும் நிறுத்திக் குனிந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் சூடான குழாயை இறக்காதீர்கள். நாகப்பட்டினம் பக்கமென்றால் உப்புக்காற்று வெல்டிங் ஓரத்தைத்தான் முதலில் தின்னும், சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட்டை வருஷத்துக்கு ஒருமுறை அடியுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சத்தம், புகை வரம்பை மீறிய வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும், வண்டியை நேரில் காட்டவும் வேண்டும். அதற்குக் கம்பெனிச் சைலன்சரோடு போவதுதான் நல்லது. கரி எடுத்த பழைய பெட்டிக்கு எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் வண்டியில் இப்போது இருப்பதே அதுதான். கூம்பைப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறேன், பிராக்கெட் எஞ்சினில்.