புற்றுநோய்ச் சிகிச்சையில் எதைச் சேர்க்கலாம், எதை விடக்கூடாது: புற்றுநோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு மார்பகப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் சில மாதங்கள் மூலிகை மருந்தை மட்டும் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. குணப்படுத்த மிகவும் ஏதுவான காலம் இதுதான். அதைக் கைநழுவ விடாதீர்கள். உடலின் பிற பாகங்களுக்குப் பரவாத புற்றுநோய் கொண்டவர்களின் பதிவுகளை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியவர்களுக்கு, இறக்கும் அபாயம் மொத்தத்தில் இரண்டரை மடங்காகவும், மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேலாகவும் இருந்தது. உங்கள் அச்சம் நியாயமானதே. சந்தேகம் தீரவில்லையென்றால் வேறொரு நிபுணரிடமும் கருத்துக் கேளுங்கள். அதற்குச் சில நாட்கள் ஆவதில் தவறில்லை.

கேள்வி: கீமோதெரபியோடு யோகாவும் மூலிகை மாத்திரையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: யோகா செய்யலாம், சிகிச்சையால் வரும் களைப்பை அது குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. மாத்திரை விஷயம் அப்படியல்ல. மனச்சோர்வுக்காகப் பலர் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால், இமாட்டினிப், இரினோடீகான் போன்ற புற்றுநோய் மருந்துகளின் அளவு ரத்தத்தில் குறைந்துபோகிறது. நோயாளி மருந்தைத் தவறாமல் எடுத்திருப்பார். ஆனால் அது உடலுக்குப் போதாமல் போயிருக்கும். ஆகவே, நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும் புட்டியோடு கொண்டுபோய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று மறைப்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கேள்வி: இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும், ஐயா?

பதில்: ஆப்ரிகாட் பழக் கொட்டையின் பருப்பிலுள்ள அமிக்டலின் என்ற பொருள் உடலுக்குள் சயனைடை வெளியிடுகிறது. அந்த அமிக்டலினையே புற்றுநோய் மருந்தாகக் கொடுத்துப் பார்த்து 1982-இல் வெளியான ஆய்வில், புற்றுநோய் கட்டுப்படவில்லை. சிலருக்கு ரத்தத்தில் சயனைடு உயிருக்கு ஆபத்தான அளவை நெருங்கியது. நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டினை ரத்தப் புற்றுநோய்க்கு நாங்களே தருகிறோம். அதன் அளவும் நச்சுத்தன்மையும் சோதித்து அறியப்பட்டவை. அந்தச் செடியைக் கஷாயம் வைத்துக் குடிப்பதோ நஞ்சைக் கணக்கில்லாமல் குடிப்பதாகும்.

கேள்வி: நோய் முற்றிய நிலையிலுள்ள அப்பா, கீமோ வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முடிவு அவருடையது. அந்தக் கீமோ நோயைக் குணப்படுத்துமா, ஆயுளை நீட்டிக்குமா, வேதனையைக் குறைக்குமா என்பதை மருத்துவர் அவரிடமே நேராகச் சொல்லட்டும். அதற்குப் பிறகும் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் வலி தணிப்பு மருத்துவரை இப்போதே பாருங்கள், கடைசி நாட்கள் வரை தள்ளிப்போடாதீர்கள். மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை ஆகியவற்றுக்கும் அவர்களிடம் மருந்து உண்டு.