மகளைக் காட்டாவிட்டால் செலவுக்குப் பணம் தர வேண்டுமா?

சென்னையில் குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். பெற்றோர் உரிமை, கடமை, அரசு உதவி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

மேடம், மனைவி அவங்க அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாசம் ஆகுது. நாலு வயசு மகளைக் கண்ணில் காட்டுறதில்லை. மாசம் அனுப்புற 6,000 ரூபாயை நிறுத்தினா வழிக்கு வருவாங்களா? (ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி)

நிறுத்தாதீர்கள் தம்பி. அது உங்கள் மகளின் பாலும் சோறும் ஸ்கூல் வேன் வாடகையும். நிறுத்தினால் அவர் ஜீவனாம்சம் கேட்டு மனு போடுவார். நீதிபதி முன் கைகட்டி நிற்பது நீங்கள்தான். பணத்தைக் கையில் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள், கணக்கு இருக்கும்.

மகளைப் பார்ப்பது தனி வழக்கு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் மனு போடலாம். 5 வயது வரை பிள்ளை பொதுவாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது இந்துக் குடும்பங்களுக்கான 1956-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம். அதனால் முதலில் வாரம் ஒரு நாள் பார்க்க அனுமதி கேளுங்கள். அப்புறம் ஒன்று: பார்க்கும் நேரத்தில் "அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னா?" என்று துருவாதீர்கள். அப்படித் துருவியதாலேயே அடுத்த வாரம் வர மாட்டேன் என்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. முதல் பிரசவம். "லீவுன்னா வேலையை விட்டுடு" என்கிறார் முதலாளி.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை என்றால், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், சம்பளத்தோடு 26 வாரம் உங்களுக்கு உண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அந்தப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். அந்த லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் கண்ணு.

அக்கா, கர்ப்பிணிகளுக்கான 18,000 ரூபாய் உதவியை எப்படி வாங்குவது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. ரொக்கம் 14,000, மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பம் தெரிந்ததுமே பகுதி நர்ஸிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குங்கள்.

கணவர் விட்டுப் போய்விட்டார். மகனுக்கு பாஸ்போர்ட் எடுக்க அவர் பெயர் வேண்டுமா?

வேண்டாம். 2016 டிசம்பர் முதல் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். அவர் மகனுக்குத் தர வேண்டிய செலவுப் பணத்தையும் விட்டுவிடாதீர்கள் அம்மா. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். 15100-க்கு போன் செய்யுங்கள்.