தேவாலய நீரூற்றில் நண்டும் ஒட்டகச்சிவிங்கியும் ஏன்?

நியூயார்க் செயின்ட் ஜான் தி டிவைன் பேராலயத்தை ஒட்டியுள்ள 'அமைதி நீரூற்று' சிற்பத்தில் நண்டும் ஒட்டகச்சிவிங்கியும் ஏன் இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். எபிஸ்கோப்பல் என்ற கிறித்தவ சபையின் நியூயார்க் பேராயத்தின் 200ஆம் ஆண்டு நினைவாக, சிற்பி கிரெக் வயட் 1985இல் வடித்த வெண்கலப் படைப்பு அது.

நன்மைக்கும் தீமைக்குமான போர்தான் கரு. பிரதான தேவதூதன் மிகாவேல் சாத்தானை வென்று நிற்கிறான். சாத்தானின் துண்டான தலை நண்டின் கொடுக்குக்குக் கீழே தொங்குகிறது. உயிர்கள் கடலில் தோன்றியதைச் சொல்லத்தான் நண்டு. பீடத்தின் வடிவமோ டிஎன்ஏ இரட்டைச் சுருள்! வேதமும் உயிரியலும் இப்படிப் பின்னிக் கிடப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஒட்டகச்சிவிங்கி சாந்தமான விலங்கு. ஒன்பது இருக்கின்றன, அவற்றில் ஒன்று மிகாவேலின் மார்பில் தலைசாய்த்திருக்கிறது. போர் ஓய்ந்த கணத்திலேயே அமைதி வந்து ஒட்டிக்கொள்வதாகத்தான் அதை நான் வாசிக்கிறேன்.