வாகனக் கேள்வி பதில்: புதுப் பேட் போட்டும் பிறேக் கத்துவது ஏன்?

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது சுசுகி அல்ட்டோ. போன மாதம் முன் சில்லுகள் இரண்டுக்கும் புதுப் பிறேக் பேட் போட்டேன். மறுநாளே கீச்சென்று கத்தத் தொடங்கிவிட்டது. மெதுவாகப் போய், பிறேக்கை லேசாக மிதிக்கும்போதுதான் சத்தம். ஓங்கி மிதித்தால் இல்லை. பேட் போட்ட கராஜில் "ஓட ஓடச் சரிவரும்" என்கிறார்கள். கடைக்காரரோ "பேட் தரமில்லை, விலை கூடினதைப் போடுங்கோ" என்கிறார். யாரை நம்புவது?
- வாசகி, பருத்தித்துறை

பதில்: தங்கச்சி, இன்னொரு செற் பேட் வாங்கக் காசை எடுக்காதீர்கள். லேசாக மிதித்தால் கத்துகிறது, ஓங்கி மிதித்தால் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்குப் போதும். அது பேட் அதிர்கிற சத்தம். வயலின் கம்பியை வில் பிடித்துப் பிடித்து விடுவதால் நாதம் வருவதுபோல, பேட்டும் சில்லோடு சுழலும் டிஸ்க் தட்டைப் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடிக்கிறது. செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம் இது நடக்கும்போது காதைக் குத்தும் கீச்சுச் சத்தம் பிறக்கிறது. ஓங்கி மிதித்தால் பேட் இறுகி அமர்ந்துவிடும், அதிர இடமில்லை. அதனால் பேட்டைப் பழி சொல்ல முதல், அது உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

"ஓட ஓடச் சரிவரும்" என்பது முழுப் பொய் அல்ல. புதுப் பேட்டும் பழைய டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்தச் சில நூறு கிலோமீற்றர் ஓடத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது. இனியும் காத்திருக்க வேண்டாம்.

கராஜுக்குப் போய்ச் சில்லைக் கழற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பேட்டை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கலிப்பரைத் தூக்கியதும், பேட்டின் இரு முனையிலும் நீட்டி நிற்கும் காதுகள் அமர்கிற தகட்டுக் கிளிப்புகள் தெரியும். நம் கடலோரத்துக் கார்களில் கோளாறை நான் அதிகம் காண்பது அங்கேதான். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காரைநகர்ப் பக்கம் நிற்கும் வாகனங்களில் உப்புக் காற்று கிளிப்புக்கு அடியில் இருக்கும் இரும்பைத் தின்றுவிடும். துரு, இரும்பைவிட அதிக இடம் எடுக்கும். அது வீங்கி, கிளிப்பை உள்ளுக்குத் தள்ளும். கிளிப்பை நெம்பி எடுத்தால் அடியில் துரு செதில் செதிலாகப் பெயரும், விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டுப்படும். அவசரக்காரர்கள் இதைப் பார்க்காமல், இறுகி நிற்கும் புதுப் பேட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றிய பேட் பின்வாங்காது. காலை எடுத்த பிறகும் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், கத்தும்.

கம்பி பிறஷ்ஷாலும் தட்டை அரத்தாலும் அந்தத் துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். பிறகு புதுக் கிளிப். பேட்டை வைத்து விரலால் தள்ளினால் அது வழுக்கிப் போக வேண்டும், அதே நேரம் லொடலொடவென்று ஆடவும் கூடாது. சுத்தியல் தேவைப்பட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடைகளில் கிளிப் செற்றைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பேட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

அடுத்தது கலிப்பர் வழுக்கி நகர்கிற இரண்டு பின்கள். இரண்டையும் உருவி, துடைத்து, றப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, சிலிக்கோன் பிறேக் கிறீஸ் பூச வேண்டும். சில்லு பெயரிங்குக்குப் போடும் சாதாரண கிறீஸ் வேண்டாம். அது றப்பரை ஊதவைக்கும், கொஞ்ச நாளில் பின் இறுகிப்போகும். பழைய பேட்டின் முதுகில் ஒரு மெல்லிய தகடு இருந்திருக்கும், அதற்கு சிம் என்று பெயர். அதிர்வை அடக்குவது அதன் வேலை. புதுப் பேட்டோடு சிம் வராவிட்டால் பழையதைத் துடைத்துப் போட வேண்டும். பல இடங்களில் பழைய பேட்டோடு சேர்த்து அதையும் வீசிவிடுகிறார்கள். சூடு தாங்கும் பிறேக் கிறீஸை பேட்டின் முதுகிலும் காதுகளிலும் மெல்லிதாகப் பூசலாம்.

முதுகிலும் காதுகளிலும் மட்டும்! சத்தம் போக பேட்டின் முகத்தில் துளி ஒயில் விடச் சொல்லுகிற ஆட்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சத்தம் போகும், பிறேக்கும் போகும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிற வீதிகளில் நாம் கார் ஓட்டுகிறோம். ஒயில் ஊறிய பேட்டைச் சுத்தம் செய்து திரும்பப் போட முடியாது, எறியத்தான் வேண்டும்.

கடைசியாக டிஸ்க்கின் முகம். கண்ணாடிபோல் பளபளத்தால் 80 அல்லது 120 நம்பர் சாண்ட் பேப்பரால் வட்டம் வட்டமாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை எடுக்க வேண்டும். ஓரத்தில் துரு வரப்பு எழும்பியிருந்து, புதுப் பேட்டின் விளிம்பு அதில் முட்டினாலும் சத்தம் வரும். லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஆனால் குறைந்தபட்சத் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், கடைந்த பிறகு அதற்குக் கீழே வந்தால் புது டிஸ்க்தான். கையோடு, தேய்மானத்தைச் சொல்லும் சின்னத் தகட்டு நாக்கு உள்ள பேட் சரியான பக்கத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாறிப் போட்டாலோ வளைந்துபோனாலோ அது புதிதிலேயே டிஸ்க்கைச் சுரண்டும்.

எல்லாம் பூட்டியதும், காரை எடுக்க முதல் பிறேக் பெடல் இறுகும்வரை சில தரம் மிதியுங்கள். கலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பதால் முதல் மிதி வெறுமையாகப் போகும். பிறகு பேட்டும் டிஸ்க்கும் பொருந்துவதற்காக, அதிகாலையில், பின்னால் வாகனம் இல்லாத நேரம், மருதங்கேணிப் பக்கம் போகும் வீதி போன்ற ஒன்றில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை ஒரே சீராகக் குறையுங்கள். முற்றாக நிறுத்தக் கூடாது. இதை எட்டுப் பத்துத் தரம் செய்து, பிறகு பிறேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓடி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மிதித்தபடி நிற்க வேண்டாம்.

கேள்வி: எனது ரொயோட்டா அக்குவா காலையில் எடுக்கும்போது கறகறவென்கிறது. நாலைந்து பிறேக்கில் நின்றுவிடும். பேட் மாற்றி அதிக நாள் இல்லை.
- வாசகர், காரைநகர்

பதில்: இரவு ஈரத்தில் டிஸ்க்கில் பிடித்த துரு அது. பேட் துடைத்ததும் போய்விடுகிறது, பயமில்லை. உங்கள் அக்குவாபோல், எஞ்சினோடு மின்மோட்டரும் உள்ள ஹைபிரிட் கார்களில் மெதுவான பிறேக்கைப் பெரும்பாலும் மோட்டரே பிடித்துக்கொள்வதால் பேட்டுக்கு வேலை குறைவு, துரு தங்கும். இடைக்கிடை கொஞ்சம் அழுத்திப் பிடித்து ஓட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: பல ஹைபிரிட்களில் கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் தானாக இயங்கும். அதை முறைப்படி நிறுத்தாமல் கலிப்பரைக் கழற்றக் கூடாது. இந்த வேலை தெரிந்த இடத்துக்கே கொண்டுபோங்கள்.

ஆனால் நாள் முழுக்க இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம், கார் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு சில்லு மட்டும் அனல் அடிப்பது, கருகிய மணம், இதில் ஒன்று இருந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவின் மொரிஸ் மைனரை இன்னும் வைத்திருக்கிறேன். புதுப் பிறேக் சூ போட்ட பிறகு கூவுகிறது.
- வாசகர், சுன்னாகம்

பதில்: அந்தக் காரை ஓட்டத்தில் வைத்திருப்பதற்கு முதலில் என் நன்றி. சில்லோடு சுழலும் கிண்ணம்போன்ற ட்றம்மைக் கழற்றி, அதன் உட்சுவரில் உரசும் சூ லைனிங்கின் இரண்டு முனைகளையும் அரத்தால் கொஞ்சம் சரித்து விடுங்கள், கூர் முனைதான் பெரும்பாலும் கூவும். சூ உரசி நகர்கிற தகட்டில் பொட்டுக் கிறீஸ் வையுங்கள். சூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ட்றம்மில் இருக்கும் தூசியைக் கொம்பிரசரால் ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டோஸ் இருந்திருக்கலாம், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.