ஒட்டகத்துக்குச் சொறி

கேள்வி: சவாரி ஒட்டகத்துக்குத் தொடை இடுக்கில் முடி கொட்டி, தோல் தடித்துக் கிடக்கிறது. வேப்பெண்ணெய் தடவியும் அடங்கவில்லை. என்ன செய்ய?
வாசகர், மேலப்பாளையம்

பதில்: சார்காப்டிஸ் என்ற சொறிப்பூச்சியாக இருக்கலாம். புண்ணின் நடுவில் சுரண்டினால் பூச்சி சிக்காது. ஓரத்தில், லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டிப் பார்க்கவேண்டும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மி.கி. கணக்கு, 400 கிலோ உருப்படிக்கு 1 சதவீத மருந்து 8 மி.லி., தோலுக்கடியில், டாக்டர் கையால். முட்டை இதற்குச் சாகாது; 14 நாள் கழித்து மறு ஊசி. ஒன்றோடு நிறுத்தினால் சொறி திரும்பிவிடும். சேணத்துணியைக் கொதிநீரில் அலசுங்கள். உங்களுக்கும் கை அரிக்கிறதா? ஆளுக்கும் தாவும் பூச்சி இது!

விட்டுவிட்டுக் காய்ச்சல், திமில் வற்றல் என்றால் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயா என்று ரத்தம் பார்க்கவேண்டும். மாட்டுக்குப் போடும் டைமினசின் மட்டும் வேண்டாம். ஒட்டகத்துக்கு அது விஷம்.