காது சிவந்தால் எந்தக் காய்ச்சல்? பன்றி வளர்ப்போர் கேள்வி-பதில்

இரண்டு பன்றிகள் காய்ச்சலில் செத்துவிட்டன, காதெல்லாம் சிவப்பு. ஆப்பிரிக்கக் காய்ச்சலா, பழைய பன்றிக் காய்ச்சலா? (தேன்கனிக்கோட்டை)

கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கடுங்காய்ச்சல், தீனி எடுக்காமல் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் வைரஸ்களுக்குள் உறவே இல்லை. ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸ் டி.என்.ஏ. வகை, மற்றது ஆர்.என்.ஏ. அதனால் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பிரித்துச் சொல்லிவிடும். செத்ததை நீங்களே அறுக்காதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். காட்டோரம் வீசவும் வேண்டாம். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கக் காய்ச்சலில்தான் மடிந்தன.

ரத்த மாதிரி சோதனைக்கு உதவாது என்று திரும்பி வந்துவிட்டது. ஏன்? (ஓசூர்)

பெரும்பாலும் குழாய்தான் காரணம். பி.சி.ஆருக்கு ஊதா மூடிக் குழாய்தான் சரி, அதில் ரத்தம் கட்டியாகாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. இருக்கும். பச்சை மூடியில் இருக்கும் ஹெப்பாரினும் ரத்தம் கட்டியாகாமல் தடுப்பதுதான், ஆனால் அது சோதனையையே தடுத்துவிடும். ரத்தம் பிடித்ததும் குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஒருமுறை என் மேசைக்கு வந்த குழாயைச் சாய்த்தேன். உள்ளே மாதுளை முத்து மாதிரி ரத்தக்கட்டி உருண்டது. அந்தப் பன்றி அதற்குள் செத்திருந்தது, மறுபடி ரத்தம் எடுக்க வழியில்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது. அப்புறம், ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள், ஆனால் ரத்தம் பனிக்கட்டியாக உறைய விடாதீர்கள்.

தடுப்பூசி போட்ட பன்றிக்கு எலிசா பாசிட்டிவ். நோயா? (அரூர்)

பழைய பன்றிக் காய்ச்சல் ஊசிதானே? அப்படியானால் பயப்படாதீர்கள். வழக்கமான எலிசா ரத்தச் சோதனை தேடுவது, நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்பொருளை. அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. பன்றிக்குக் காய்ச்சல் இருந்தால் பி.சி.ஆர். கேளுங்கள்.

புதிதாக ஒரு பி.சி.ஆர். சோதனையை எப்படி உருவாக்குகிறார்கள்? (கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவி)

வைரஸ் எவ்வளவு உருமாறினாலும் அதிகம் மாறாத மரபணுப் பகுதி ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் பி72 புரதத்தின் மரபணு. அதில் ஒட்டும் பிரைமர்கள் என்னும் சிறு டி.என்.ஏ. துண்டுகளை வடிவமைத்து, மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து எதுவரை கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். பழைய காய்ச்சல், சர்க்கோ, பார்வோ போன்ற மற்ற பன்றி வைரஸ்களைக் கொடுத்தால் சோதனை வாய்திறக்கக் கூடாது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பன்றியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே தேட வேண்டும். அதுவே தென்படாவிட்டால் மாதிரி கெட்டுவிட்டது என்று பொருள். அந்த 'நெகட்டிவ்' முடிவை விவசாயியிடம் கொடுக்கவே கூடாது. உயிருள்ள வைரஸைக் கையாள போபாலில் உள்ள தேசிய நிறுவனம் போன்ற உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும்.

எங்களுக்கும் தொற்றுமா? (பாலக்கோடு)

இந்த இரண்டு காய்ச்சலும் மனிதர்களுக்குத் தொற்றாது. 2009-இல் மனிதர்களுக்குப் பரவிய 'பன்றிக் காய்ச்சல்' வேறு, அது இன்ஃப்ளுயன்ஸா. ஆனால் உங்கள் செருப்பும் ஓட்டல் மிச்சமும் நோயைக் கொட்டிலுக்குள் கொண்டுவரும். மிச்சத்தை அடிவரை கிளறி, நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியபின் போடுங்கள்.