வாசகர் கேள்வி பதில்: புரொஜெக்ஷன் டிவியில் கலங்கிய கூலன்ட்

கேள்வி: எங்கள் வீட்டில் 43 அங்குலப் பழைய ரியர் புரொஜெக்ஷன் டிவி (திரைக்குப் பின்னாலிருந்து படத்தை வீசும் வகை) இருக்கிறது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி நீலப் புகை படர்ந்ததுபோல் தெரிகிறது. பார்க்க வந்த மெக்கானிக், டியூப் போய்விட்டது, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: தூக்கிப் போடுவதற்கு முன், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெட்டியின் முன்பக்கப் பலகையைக் கழற்றி, நீல டியூபின் லென்ஸுக்குள் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே அரிசி களைந்த தண்ணீர்போல் கலங்கலாகவோ, பஞ்சு இழைபோலப் பூஞ்சை மிதந்தோ தெரிந்தால், கெட்டிருப்பது பெரும்பாலும் டியூப் அல்ல, அதைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்தான்.

இவ்வகை டிவியில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறிய டியூபுகள் உண்டு. ஒவ்வொன்றின் முகப்புக்கும் அதையடுத்த லென்ஸுக்கும் இடையே எத்திலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்த திரவம் நிரப்பப்பட்டிருக்கும். அது டியூபின் முகப்பில் உண்டாகும் கடும் வெப்பத்தை வாங்கிக்கொள்வதோடு, கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒளி பட்டுத் தெறிப்பதைக் குறைத்துப் படத்தின் தெளிவையும் காக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அது கலங்கும்போது ஒளி சிதறி, நீங்கள் சொல்லும் புகை தோன்றுகிறது. மற்ற இரண்டு லென்ஸுகளையும் கருப்பு அட்டையால் மறைத்து ஒவ்வொரு நிறமாகப் பார்த்தால் எந்த டியூபில் குறை என்பது தெளிவாகிவிடும். பல மாடல்களில் வெளிச்சம் கூடுவதற்காக நீலத்தின் போகஸைத் தயாரிப்பாளர்களே சற்றுத் தளர்த்தி வைத்திருப்பார்கள் என்பதால், லேசான மங்கலைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கூலன்ட் மாற்றும் வேலையைப் பழக்கமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. டியூபின் ஆனோடில் (உயர் மின்னழுத்தம் தரப்படும் முனையில்) ஏறத்தாழ 30,000 வோல்ட் ஓடும். அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். டியூபின் கழுத்துப் பகுதியோ சிறிது இடித்தாலே உடைந்துவிடும்.

செய்பவர் லென்ஸைக் கழற்றும்முன் அதன் போகஸ் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ள வேண்டும். திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தபின் உட்புறத்தைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே கழுவி, நூலிழை உதிராத துணியால் துடைத்து, முழுவதும் உலர விட வேண்டும். ரப்பர் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) இறுகிப்போயிருந்தால் புதியது போடாமல் மூடுவது வீண் வேலை. புதுத் திரவத்தை ஓரமாக, மெதுவாக ஊற்றி, குமிழிகள் மேலேறும்வரை விட்டுவைக்க வேண்டும். விளிம்புவரை நிரப்புவதுதான் பலர் செய்யும் தவறு. சூடேறிய திரவம் விரிவதற்கு, படம் விழும் பரப்புக்கு மேலே சிறிது காற்றிடம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அழுத்தம் கேஸ்கெட்டைத் தள்ளிக்கொண்டு கசியத் தொடங்கும். அப்படிக் கசிந்து சர்க்யூட் போர்டில் இறங்கிய ஒரு பெட்டியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன. கசிவைக் கண்ட நிமிடமே டிவியை நிறுத்திவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் மூன்று நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழும்படி கன்வெர்ஜென்ஸையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: காரின் ரேடியேட்டர் கூலன்ட்டும் கிளைக்கால்தானே, அதையே ஊற்றினால் என்ன என்று நண்பர் கேட்கிறார். ஊற்றலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலான ரேடியேட்டர் கூலன்ட்டில் அடிப்படைப் பொருள் அதுவே என்றாலும், சாயமும் துருத் தடுப்பு இரசாயனங்களும் சேர்ந்திருக்கும். டிவியில் இந்தத் திரவம் படம் கடந்துவரும் வழியிலேயே நிற்பதால், அதன் நிறம் திரையில் அப்படியே தெரியும். டிவிக்கென்று தயாரித்ததையே தேடி வாங்குங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. வெளியே எடுத்த பழைய திரவத்தைக் குழந்தைகளுக்கும் நாய், பூனைக்கும் எட்டாதபடி மூடிய புட்டியில் வையுங்கள், குடிநீர்ப் பாட்டிலில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.